ஏழு தீவு என்று விற்றார்கள், நான் எண்ணிப் பார்த்தேன்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த ட்ராவல்ஸ். பெயர் வேண்டாம். குறையும் சொல்லப் போகிறேன், அந்த ஒழுங்கையால் தினமும் நடந்து போகவும் வேண்டும். கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த விளம்பரம்தான் என் மனைவியின் கண்ணில் பட்டது: 'சப்த தீவுகள், மூன்று நாள், தரை வழியும் கடல் வழியும்.' ஆளுக்கு 36,500 ரூபா. இரவு பஸ், யாழ்ப்பாணத்தில் இரண்டு இரவு தங்குமிடம், வான், படகுக் காசு, காலைச் சாப்பாடு எல்லாம் அதற்குள். மத்தியானச் சாப்பாடு நெடுந்தீவில் மட்டும் அவர்கள் பொறுப்பு. பிள்ளைகளுக்கும் முழுக் காசு. பன்னிரண்டு வயதுப் பெண்ணும் ஒன்பது வயதுப் பையனும் பஸ்ஸில் ஆளுக்கொரு சீட் பிடிக்கிறார்கள்தானே என்றார்கள். சரி.

நான் புறக்கோட்டையில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவன். ஏழு என்றால் எனக்கு ஏழுதான். "எந்த ஏழு?" என்று கேட்டேன். மேசையில் இருந்த பிள்ளை யோசிக்காமல் விரலை மடக்கினாள்: வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, காரைநகர். "எல்லாம் மூன்று நாளில் வடிவாப் பார்க்கலாம் அங்கிள்." மாமி பக்கத்துக் கதிரையில் இருந்து ஒரு செருமல் செருமினார். மாமி புங்குடுதீவில் பிறந்தவர். அந்தச் செருமலை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

போனது ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில். இதில் அரைவாசிப் பிழை எங்களுடையது. ஆகஸ்டில் தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று இன்னும் அடங்கியிருக்காது. நல்லூர்த் திருவிழாவும் அந்த நேரத்தில்தான் வரும், அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறிவிடும். மாசி, பங்குனியில் கடல் அமைதியாக இருக்கும் என்று பிறகு படகில் வந்த எல்லோரும் சொன்னார்கள். ஐப்பசிக்குப் பிறகு வாடைக் காற்றும் மழையும். மற்ற அரைவாசிப் பிழை ட்ராவல்ஸ்காரருடையது. ஆகஸ்டில் விற்கும்போது காற்றைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

இரவு பஸ்ஸைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஏசியில் மாமி இரண்டு சால்வை போர்த்தினார். ஏறக்குறைய 400 கிலோமீற்றர். முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிறுத்தி, தேங்காய் உடைத்து, வறுத்த கச்சான் வாங்கி, விடியும்போது யாழ்ப்பாணம். பஸ் சரியான நேரத்துக்கு எடுத்தார்கள், சீட் சொன்ன சீட்தான். இதற்கு முழுப் புள்ளி. நல்லூரில் என்று சொன்ன தங்குமிடம் கொக்குவிலில் இருந்தது. அறை சுத்தம், காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும், வாயில் வைத்தாலே வீட்டுக்காரம்மாவின் கை என்று தெரியும். ஆகவே அதைப் பெரிதாக்கவில்லை.

முதல் நாள் வான் பண்ணைப் பாலத்தில் ஏறியது. பாலம் என்று சொல்கிறோம், உண்மையில் கடலை நிரவிப் போட்ட நீண்ட தெரு. இரண்டு பக்கமும் முழங்கால் அளவுத் தண்ணீர், சிறகுவலை கட்டிய கம்புகள் வரிசையாக, அதில் நின்று வலையைப் பார்க்கும் ஆட்கள். கொழும்பில் எங்கள் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இரைவது. கிட்டப் போகாதே என்று வளர்த்தோம். இங்கே கடலில் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறார். மகன் வாயை மூடவில்லை.

"இடது பக்கம் மண்டைதீவு," என்றான் வான் ஓட்டிய தம்பி. அந்த ஏழில் மண்டைதீவு இல்லை. குறித்து வைத்துக்கொண்டேன், பின்னால் தேவைப்பட்டது.

வேலணையைக் கடந்து, வாணர் பாலத்தால் புங்குடுதீவு, அதன் கடைசி முனையில் குறிகட்டுவான். தீவுகள் என்று சொன்னாலும் இதுவரை வானை விட்டு இறங்கவில்லை. பாலங்கள் வந்த பிறகு இவை ஒரே தெருவின் துண்டுகள். கடல்வழி குறிகட்டுவானில்தான் தொடங்குகிறது. நயினாதீவுக்கு இருபது நிமிடம் போதும். ஆனால் அந்தப் படகுக்குள் இறங்குவது ஒரு அனுபவம். குனிந்து, பின்பக்கமாகப் படியில் இறங்க வேண்டும். உள்ளே நடுவில் எஞ்சின், சுற்றி வாங்கு, டீசல் மணம், முந்தின பயணத்து வியர்வை காயாத உயிர்காப்பு அங்கி. இடம் கிடைத்தால் மேல்தட்டில் இருங்கள்.

அந்தப் படகில் பாதிப் பேர் நாகபூசணி அம்மனுக்கும் மற்றப் பாதி நாகவிகாரைக்கும் போகிறவர்கள். இரண்டு நாக அரசர்கள் ஒரு மணி ஆசனத்துக்குச் சண்டை பிடிக்க, புத்தர் வந்து தீர்த்து வைத்தார் என்பது விகாரையின் கதை. அம்மன் கோயிலுக்குச் சொல்வதும் நாகத்தின் கதைதான். குருநாகலிலிருந்து வந்த வெள்ளைச் சேலை ஆச்சிமார் மடியில் கொக்கிஸ் டின்னைத் திறந்து எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்க, மாமி பதிலுக்கு முறிகண்டிக் கச்சானைக் கொடுத்தார். ட்ராவல்ஸ் விளம்பரத்தில் போடாத பகுதி இது, காசும் இல்லை. கோயிலில் மகனுக்கு மேல்சட்டை கழற்ற வெட்கம். மத்தியானம் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம், பந்தியில் இருந்து சாப்பிட்டோம். பருப்பும் பூசணிக்காய்க் கறியும் அப்படி ஒரு ருசி. போயா நாளில் மட்டும் போகாதீர்கள், துறையில் வரிசை வெயிலில் நிற்கும்.

ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயரை வைத்தவர்கள். வேலணை லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க், காரைநகர் ஆம்ஸ்டர்டாம், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் இன்றுவரை ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். "அப்ப இது ஹார்லெம் அம்மனா?" என்று மகள் கேட்க, மாமி திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு முடிந்தது.

திரும்பும் வழியில் புங்குடுதீவு. பயணத் திட்டத்தில் 'புகைப்பட இடைவேளை, 15 நிமிடம்'. மாமி கடைசியாக இங்கே வந்தது 2011இல், ஒரு கல்யாணத்துக்கு வந்த கையோடு அரை மணி நேரம். ஊர் முழுக்க மாமி பிறந்த வீட்டைப் போன்ற வீடுகள்தான்: பெரிய தூண், அகலமான விறாந்தை, கூரை இல்லை, உள்ளே வேம்பு. இந்தத் தீவுக்காரர் ஒரு காலத்தில் இலங்கை முழுக்கக் கடை வைத்திருந்தவர்கள். மாமியின் தகப்பனுக்கும் கொழும்பில் சாப்பாட்டுக் கடை. அந்தக் கடையில் சம்பாதித்துக் கட்டிய வீடு இது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நான் வாயெடுத்தேன். மாமி அதைக் கேட்கிற நிலையில் இல்லை. கிழக்கு வேலிப் பக்கம் போய், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அடி அளந்துகொண்டிருந்தார்.

"நாற்பத்தி மூன்று அடி இருக்க வேணும். முப்பத்தெட்டுத்தான் வருது."

பக்கத்துக் காணியில் வடலிகள் நின்றன. வேலிக் கதியால் இந்தப் பக்கமாக நகர்ந்திருக்கிறது என்பது மாமியின் கட்சி. பக்கத்து வீட்டு ஆச்சி வந்தார். இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். முதலில் கட்டிப் பிடித்து அழுதார்கள், அப்புறம் எல்லைக் கல்லைத் தேடினார்கள், அப்புறம் சத்தம் போட்டார்கள், அப்புறம் ஆச்சி பிளேன்ரீயும் பனங்கட்டியும் கொண்டு வந்தார், குடித்துக்கொண்டே மறுபடி சத்தம் போட்டார்கள். கிணற்றுத் தண்ணீர் உவர். தேத்தண்ணியிலும் அது தெரிந்தது, ஆனால் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் ஒரு தனி ருசி. பதினைந்து நிமிடம் ஒன்றரை மணி நேரமாகியது. வான் தம்பி ஒருமுறைகூட ஹோன் அடிக்கவில்லை. "அம்மா ஆறுதலா வரட்டும் அண்ணை" என்றுவிட்டுக் கதவைத் திறந்து போட்டு நித்திரை கொண்டான். ட்ராவல்ஸுக்கு நான் கொடுக்கும் புள்ளிகளில் பெரும்பங்கு அந்த நித்திரைக்குத்தான்.

இரண்டாம் நாள் நெடுந்தீவு. சொதப்பியதும் அன்றுதான், எல்லாவற்றிலும் நல்லதும் அன்றுதான்.

நெடுந்தீவுப் படகு நயினாதீவுப் படகுபோல அடிக்கடி இல்லை. காலையில் விட்டால் விட்டதுதான். அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ட்ராவல்ஸ், வானை முக்கால் மணி நேரம் பிந்தி அனுப்பியது. முதலில் வேறொரு குழுவை ரயில் நிலையத்தில் இறக்கச் சொல்லியிருக்கிறார்கள். குறிகட்டுவானுக்கு நாங்கள் போகும்போது படகு ஒரு புள்ளியாகத் தெரிந்தது. கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். "அடுத்த படகு இருக்கும் அங்கிள்" என்றாள் அந்தப் பிள்ளை. இல்லை. தம்பிதான் ஓடித் திரிந்து ஒரு தனியார் படகைப் பிடித்தான்; இன்னொரு குடும்பத்தோடு பங்கு போட்டு எங்கள் பக்கம் 9,000 ரூபா, என் சட்டைப் பையிலிருந்து.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதல் கால் மணி நேரம் பிள்ளைகள் சிரித்தார்கள். நயினாதீவின் மறைவு விலகியதும் சோழகம் பக்கவாட்டில் பிடித்தது. படகு ஏறும்போது வானம் மட்டும், இறங்கும்போது தண்ணீர் மட்டும். மகன் சத்தி எடுத்தான், பிறகு நான். மனைவி கண்ணை மூடித் திருவாசகம் சொன்னார். மாமி ஓரத்தில் காலை நீட்டிக்கொண்டு கச்சான் உடைத்தார். "இதெல்லாம் ஒரு காற்றா," என்றார். படகுக்கார அண்ணை தலையாட்டினார். பொலித்தீன் பை கொண்டு போங்கள். காலையில் சம்பலைக் குறைத்துச் சாப்பிடுங்கள்.

இறங்குதுறைக்கு அருகில் குமுதினிப் படகின் நினைவிடம் இருக்கிறது. 1985 மே 15, இதே கடலில், இதே மாதிரிச் சனத்தை ஏற்றி வந்த படகில் வைத்துக் கொன்றார்கள். மாமி கொஞ்ச நேரம் நின்றார். பிள்ளைகள் கேட்டார்கள், மனைவி சொன்னார். நாங்களும் அந்தக் கடலில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுத்தான் இறங்கியிருந்தோம், ஆகவே அதிகம் சொல்லத் தேவைப்படவில்லை.

தீவு தட்டையாகக் கிடக்கிறது, ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். ஓட்டோ ஒன்று ஏற்பாடாகியிருந்தது, ஐந்து பேருக்கு ஒன்று! இரண்டாவதை நாங்கள் பிடித்தோம். முதலில் கண்ணில் படுவது வேலிகள். கிடுகும் இல்லை, தகரமும் இல்லை. பவளக் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில். சாந்து, சீமெந்து ஒன்றும் கிடையாது. கல்லுக்குக் கல் ஓட்டை, அந்த ஓட்டையால் காற்று புகுந்து போவதால் மதில் விழாமல் நிற்கிறது என்றார் ஓட்டோக்காரர். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பூப்போல வரி. கடலுக்குள் உயிரோடு இருந்தது இப்போது ஆட்டுக்கு வேலி. மாமி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இப்படிக் கட்டியிருந்தால் ஒருத்தரும் நகர்த்த ஏலாது," என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையின் இடிபாடு, அதுவும் பவளக் கல். தூது போகும் புறாக்களை வளர்த்த புறாக்கூடு, இன்னும் கூடு கூடாகத் தெரிகிறது. பெருக்கமரம் ஆபிரிக்காவிலிருந்து வந்தது, கடல் வணிகர்கள் கொண்டுவந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அடிமரத்தில் பொந்து, பிள்ளைகள் இருவரும் மனைவியும் உள்ளே போய் நின்றும் எனக்கு இடம் இருந்தது. வளரும் கல் என்று ஒன்றுக்கும் கூட்டிப் போனார்கள். போன முறையைவிட வளர்ந்திருக்கிறதா என்று ஓட்டோக்காரரிடம் கேட்டேன். "நான் வளர்ந்த அளவுக்கு இல்லை அண்ணை," என்றார்.

பிறகு குதிரைகள். நான் எதிர்பார்த்தது சினிமாக் குதிரை. இவை மட்டக்குதிரை, என் நெஞ்சளவு. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப் போனவற்றின் வழி வந்தவை. பனங்கூடலைத் தாண்டித் தெற்கே வெட்டை வெளியாகப் போகும் இடத்தில், குட்டிகளோடு ஒரு கூட்டம், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஆகஸ்ட் என்பதால் புல் காய்ந்து சாம்பல் நிறம். ஒரு தொட்டிக்குக் கிட்ட நெருக்கியடித்து நின்றன, விலா எலும்பை எண்ணலாம். வரட்சியில் தண்ணீர் இல்லாமல் செத்துப் போகின்றன என்று ஓட்டோக்காரர் சொன்னார். மகன் தன் தண்ணீர்ப் போத்தலைத் திறக்கப் போனான். குதிரை அவனைக் கணக்கெடுக்கவில்லை. இந்த இடத்தில் நாங்கள் நின்றது பன்னிரண்டு நிமிடம். திரும்பும் படகு பின்னேரம், சாப்பாடும் முடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் நின்றிருக்க வேண்டிய இடம். காலையில் விட்ட முக்கால் மணி நேரத்தின் விலை 9,000 ரூபா இல்லை, இது.

சாப்பாடு? ட்ராவல்ஸ் சொல்லி வைத்த கடையில் எங்கள் சாப்பாட்டை முந்தின நாளே சமைத்து, ஆள் வராமல், அவர்களே சாப்பிட்டிருக்கிறார்கள். திகதியை மாற்றிச் சொல்லியிருக்கிறது கொழும்பு. கடைக்கார அக்கா எங்களைவிடக் கோபமாக இருந்தார். ஆனாலும் அரை மணி நேரத்தில் புட்டும், பாரை மீன் குழம்பும், முருங்கையிலை வறையும் வைத்தார். சத்தி எடுத்த வயிறு அதை எப்படி வரவேற்றது என்று எழுதத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை ஊர்காவற்றுறை. அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் படகு இங்கிருந்துதான். துறையில் நின்று தம்பி தலையைச் சொறிந்தான். "அண்ணை, உண்மையைச் சொல்லுறன். ரெண்டுக்கும் போய், ஒரே நாளில் திரும்பி, இரவு பஸ் பிடிக்க ஏலாது. காற்றில்லாத நாளிலும் ஏலாது." விளம்பரத்தை அச்சடித்தவருக்கு இது தெரியாதா என்று கேட்டேன். "அவர் இந்தப் பக்கம் வந்ததில்லை," என்றான்.

அதற்குப் பதிலாக அவன் காட்டியது பாதை. பாதை என்றால் தெரு இல்லை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போகும் தட்டையான மிதவை. பத்து நிமிடம். நாங்கள் ஐந்து பேரும் அதில் ஏற, தம்பி வானைத் திரும்ப யாழ்ப்பாணம் கொண்டு போய், பொன்னாலைப் பாலத்தால் சுற்றிக் காரைநகர் வந்து சேர ஒன்றரை மணி நேரம் எடுத்தது. தரை வழியும் கடல் வழியும் என்று விளம்பரத்தில் போட்டதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. மிதவையிலிருந்து பார்க்க, கடலின் நடுவில் கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது. ஒல்லாந்தர் வைத்த ஹம்மன்ஹீல் என்ற பெயருக்குப் பன்றித் தொடையின் குதிகால் என்று அர்த்தமாம், வரைபடத்தில் இலங்கை அவர்களுக்குப் பன்றித் தொடைபோலத் தெரிந்திருக்கிறது. இப்போது கடற்படை நடத்தும் ஹோட்டல். பக்கத்தில் நின்ற ஐயா ஒருவர் மீன் கூடையோடு, ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

காரைநகரில் கசூரினா கடற்கரை. நூறடி நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்கு வராது, பிள்ளைகளை நம்பி விடலாம். சவுக்கு நிழல், கணவாய்ப் பொரியல், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நல்ல இடம், அவ்வளவுதான்.

கொழும்பு வந்து மூன்றாம் நாள் அந்த மேல்மாடிக்கு ஏறினேன். கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஐந்து பேருக்கு 182,500 ரூபா. ஏழில் இரண்டு தீவு இல்லை. வர வேண்டியது 52,142 ரூபா 86 சதம், அதற்கு மேல் தனியார் படகு, இரண்டாவது ஓட்டோ. அந்தப் பிள்ளை தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போனாள். முதலாளி வந்தார். நல்ல மனுசன், கதிரை தந்தார், றோல்ஸ் எடுப்பித்தார். "மண்டைதீவும் பார்த்தீங்கள்தானே, அது கணக்கில் இல்லாத ஒன்று," என்றார். வான் யன்னலால் பார்த்ததையா என்றேன். கடைசியில் படகுக் காசும் ஓட்டோக் காசும் முழுதாக, மேலே 20,000. பேரம் பேசாமல் கொடுத்திருந்தால் இன்னும் அரைப் புள்ளி கூட்டியிருப்பேன்.

ஐந்துக்கு மூன்று. பஸ்ஸும் தங்குமிடமும் தம்பியும் நாலரைக்கு வரும், கொழும்பு அலுவலகம் ஒன்றரைக்கு. போவதாக இருந்தால் ஏழு தீவுப் பொதியை எடுக்காதீர்கள். அவர்களிடமே மூன்று தீவுக்கு வேறாகக் கேட்கலாம், கேட்டால் செய்கிறார்கள். நெடுந்தீவில் ஒரு இரவு தங்கும்படி சொல்லுங்கள், அங்கே தங்குமிடங்கள் இருக்கின்றன. குதிரையைப் பின்னேர வெயிலில் பார்க்கலாம். முதல் படகு எத்தனை மணிக்கு, வான் எத்தனை மணிக்கு வாசலில் நிற்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். வான் ஓட்டும் தம்பியின் இலக்கத்தை முதலே கேட்டு வையுங்கள், கொழும்பு இலக்கம் அங்கே உதவாது.

மாமி இந்த மதிப்பீட்டை ஒத்துக்கொள்ளவில்லை. தன் பக்கத்தில் ஐந்துக்கு ஐந்து என்கிறார். நேற்று எங்களுக்குச் சொல்லாமல் அந்த மேல்மாடிக்குப் போய் வந்திருக்கிறார். தைப்பொங்கலுக்குப் பிறகு புங்குடுதீவுக்கு மட்டும் ஒரு நாள், அதே தம்பி, அதே வான். பயணிகள் இரண்டு பேர்: மாமியும் ஒரு நில அளவையாளரும்.